ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

மும்பை, புணே, பெங்களூர், டெல்லி என்று எந்தப் பெருநகரத்தை எடுத்துக்கொண்டாலும், மலையேறப் போகிறவர்களுக்குக் கூடாரமும் முதுகுப் பையும் கயிறும் காலணியும் விற்கும் கடைகள் இன்று பெருகிவிட்டன. மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சகயாத்ரி மலைக் கோட்டைகளுக்குப் போகும் முதல் ரயிலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைகளின் வாடிக்கையாளர்கள் யார் என்பது தெரியும். நம் சங்கத்து உறுப்பினர்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. இந்தக் கடைகள் சாமான் விற்பதோடு நிற்பதில்லை. கடற்கரையைக் கூட்டுகின்றன, மலைப்பாதையில் கிடக்கும் பாலிதீன் பைகளைப் பொறுக்க ஆள் சேர்க்கின்றன, மரக்கன்று நடுகின்றன. நட்ட கன்றுகளைச் சுற்றி இரும்புக் கூண்டும் போடுகிறார்கள். கன்றைவிடக் கூண்டு பெரிது. கூண்டைவிட அதில் எழுதியிருக்கும் கம்பெனியின் பெயர் பெரிது.

இதைக் கேலி செய்துவிட்டுப் போவது எளிது. ஆனால் கேலியோடு நின்றுவிட்டால், மெய்யாகவே ஏதேனும் செய்கிறவனையும் படம் பிடித்துக்கொள்ள வந்தவனையும் ஒரே தட்டில் வைத்தவர்களாவோம். ஓர் அரசியல் மாத இதழில் கடைகளைப் பற்றி என்ன எழுத்து என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரே பதில்தான். ஆறும் மலையும் யாருக்கு என்ற கேள்வி அரசியல் அல்லவென்றால், வேறு எது அரசியல்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். ஆற்றுக்கென்று ஒரு கடைக்காரர் கொடுக்கிற பணத்தையும் அப்படியே அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்கு ஒரு படி வேண்டுமல்லவா? அந்தப் படியாக, அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில் உள்ள பட்டகோனியா என்ற கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அதைப் புகழ்வது நம் நோக்கமல்ல. அதன் கணக்கில் குறையும் உண்டு, அதையும் பார்ப்போம்.

அந்தக் கம்பெனியின் பிறப்பு ஒரு கொல்லுப்பட்டறையில். இவான் ஷுனார்ட் என்ற இளைஞர் 1957-ம் ஆண்டில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் உலையை வாங்கி வந்து, தாமாகவே கொல்லு வேலை கற்றுக்கொண்டார். அவர் அடித்த பொருள், மலையேறுகிறவர்கள் பாறை வெடிப்பில் சம்மட்டியால் அறைந்து கயிற்றை மாட்டிக்கொள்ளும் ஆணி. ஐரோப்பாவிலிருந்து வந்த ஆணிகள் மெல்லிய இரும்பினால் ஆனவை. ஒருமுறை அறைந்தால் பாறையிலேயே விட்டுவிட வேண்டியதுதான். ஷுனார்ட் அடித்தவை உறுதியான எஃகு. பிடுங்கி மறுபடியும் அறையலாம். ஒன்று 1 டாலர் 50 சென்ட் என்று காரின் பின்பக்கத்தில் வைத்து விற்றார். மலையேறும் கூட்டம் வளர்ந்தது, பட்டறையும் வளர்ந்தது. 1970-ம் ஆண்டு வாக்கில், மலையேறும் இரும்புச் சாமான்களில் அமெரிக்காவிலேயே பெரிய கம்பெனி அதுதான்.

ஆனால் பிடுங்கி மறுபடி அறைவதுதான் பாறைக்கு எமனாக முடிந்தது. ஒரே வெடிப்பில் நூறு பேர் அறைந்து நூறு பேர் பிடுங்கினால் என்ன ஆகும்? விரல் நுழையாத இடுக்குகள் கை நுழையும் பொந்துகளாயின. 1970-ம் ஆண்டில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் எல் காபிடான் பாறையில் ஏறித் திரும்பிய ஷுனார்ட், சில ஆண்டுகளுக்கு முன் தாம் கண்ட பாறை இப்போது எப்படிச் சிதைந்திருக்கிறது என்பதைக் கண்டார். சிதைத்தது அவர் விற்ற ஆணி. அவரும் அவருடைய கூட்டாளி டாம் ஃப்ராஸ்டும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கம்பெனிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த அந்த ஆணி வியாபாரத்தைப் படிப்படியாக விட்டுவிடுவது! அதற்குப் பதிலாக, சம்மட்டி இல்லாமல் கையாலேயே இடுக்கில் செருகி, கையாலேயே எடுத்துவிடக்கூடிய அலுமினியக் கட்டைகளைச் செய்தார்கள். 1972-ம் ஆண்டின் விலைப்பட்டியலில், பாறையைக் காயப்படுத்தாமல் ஏறுவது எப்படி என்று டக் ராபின்சன் எழுதிய 14 பக்கக் கட்டுரை வெளியாயிற்று. சாமான் விற்கும் பட்டியலில், தன் சாமானையே விட்டுவிடச் சொல்லும் கட்டுரை! சில மாதங்களில் ஆணி வியாபாரம் தேய்ந்தது. அலுமினியக் கட்டைகளைச் செய்து கொடுக்க முடியாத அளவுக்குக் கேட்பு வந்தது.

வியாபாரம் கடைசியில் கைகொடுத்ததே, அதில் என்ன தியாகம் என்று கேட்கலாம். கைகொடுக்கும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது என்பதுதான் விடை. ஒரு கடை செய்யும் நன்மையை அளக்கும் முதல் அளவு இதுவே என்பது நம் கருத்து. தன் பெட்டியில் பணம் விழச் செய்யும் சரக்கே கெடுதல் செய்கிறது என்று தெரிந்த நாளில் அந்தக் கடைக்காரர் என்ன செய்தார்? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டாவது செய்தி ஓர் ஆற்றைப் பற்றியது. பட்டகோனியாவின் தலைமை இடம் வெஞ்சுரா என்ற கடற்கரை ஊர். அந்த ஊரின் பெயரையே கொண்ட ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நல்ல அலை எழும். அலையில் சறுக்கி விளையாடுகிறவர்களுக்கு அது சொர்க்கம். 1970-களின் தொடக்கத்தில் அந்த முகத்துவாரத்தை வெட்டிக் கரை கட்டிக் கட்டடங்கள் எழுப்ப ஒரு திட்டம் வந்தது. அலை கெட்டுவிடுமே என்ற கவலையில்தான், சொந்த விளையாட்டுக்காகத்தான் என்றே சொல்லுங்கள், கம்பெனி ஆட்கள் சிலர் நகரசபைக் கூட்டத்துக்குப் போனார்கள். ஆறு செத்துவிட்டது, அதில் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்று நிபுணர்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். அப்போது மார்க் கபெல்லி என்ற மாணவர் எழுந்து, தாம் எடுத்த படங்களைத் திரையில் காட்டினார். ஆற்றோரம் வாழும் பறவைகள், நீர்ப்பாம்புகள், விலாங்குகள், கடலிலிருந்து முட்டையிட ஆறேறி வரும் மீன்கள். செத்த ஆற்றில் இத்தனை உயிரா? திட்டம் தோற்றது.

அதன்பிறகு அந்தக் கம்பெனி செய்ததைக் கவனிக்க வேண்டும். விழா எடுக்கவில்லை. ஆற்றங்கரையில் பெயர்ப்பலகை நடவில்லை. கபெல்லிக்கு ஆபீசில் ஒரு மேஜை, ஒரு தபால்பெட்டி, கைச்செலவுக்குச் சிறிது பணம் என்று கொடுத்தது. சண்டை போடத் தெரிந்தவனுக்கு உட்கார இடம் கொடுத்தது, அவ்வளவுதான். ஆற்றுக்கு ஒரு குரல் நிலைத்தது. பின்னாளில் அந்தக் கம்பெனி கொடுத்த நன்கொடைகளிலும் இதே போக்கைக் காணலாம். பெரிய ஸ்தாபனங்களைத் தேடிப் போகாமல், ஒரு காட்டையோ ஓர் ஓடையையோ காக்க அந்தந்த ஊரிலேயே போராடுகிற சின்னச் சின்னக் குழுக்களுக்குக் கொடுத்தது. கடற்கரையைக் கூட்டுவதை யாரும் எதிர்ப்பதில்லை. நகரசபைத் தலைவரே வந்து துடைப்பத்தைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார். குப்பையைக் கடலுக்கு அனுப்புகிற சாக்கடையின் மூலம் எது என்று கேட்டுப் பாருங்கள், அதே தலைவரின் முகம் மாறும். முகம் மாறும் இடத்தில் ஒரு கடையின் பணம் நிற்கிறதா என்பது இரண்டாவது அளவு.

சரி, எவ்வளவு கொடுத்தார்கள்? 1980-களின் நடுவில் லாபத்தில் 10 சதவிகிதம் என்று தொடங்கி, பின்னர் விற்பனையில் 1 சதவிகிதம் என்று மாற்றிக்கொண்டார்கள். பத்து ஒன்றாகக் குறைந்ததே என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பிள்ளை வேலை பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 1 கோடி ரூபாய்க்கு விற்கும் கடை ஒன்று. லாபம் 5 லட்சம். லாபத்தில் பத்து என்றால் 50,000 ரூபாய். விற்பனையில் ஒன்று என்றால் 1 லட்சம். அடுத்த ஆண்டு நஷ்டம் வந்தால்? லாபக் கணக்கில் கொடுக்கிறவர் கையை விரிப்பார். விற்பனைக் கணக்கில் கொடுக்கிறவர் வாடகையைப் போல, மின்சாரக் கட்டணத்தைப் போல, அந்த 1 லட்சத்தையும் கட்டியாக வேண்டும். லாபம் என்பது கணக்கெழுதுகிறவரின் பேனாவில் வளைந்து கொடுக்கும் தொகை. விற்பனை அத்தனை எளிதில் வளையாது. இயற்கையைப் பயன்படுத்தியதற்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரி இது என்று அவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, அல்லது 1,000 கோடி விற்றுமுதல், அல்லது 5 கோடி நிகர லாபம் உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இப்படிச் சட்டமே போட்ட நாடுகள் உலகில் அதிகம் இல்லை. அதற்காகப் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்த விதிகளில் ஒரு நுட்பம் உண்டு. கம்பெனி தன் வழக்கமான வியாபாரத்தின் போக்கில் செய்யும் காரியம் இந்தக் கணக்கில் சேராது. தன் தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படுவதும் சேராது. தன் கழிவைச் சுத்தம் செய்துவிட்டு அதைத் தர்மம் என்று எழுதிக்கொள்ளக்கூடாது என்பதற்கான விதி என்ற வரையில் இது நியாயமே. ஆயினும் அதன் விளைவு என்ன? சமூகப் பொறுப்பு என்பது தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே செய்யும் காரியம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. உள்ளே ஆணி அடித்துக்கொண்டே இருக்கலாம். வெளியே பாறைக்குப் பூமாலை போடலாம்.

பட்டகோனியா வேறு காரியங்களையும் செய்திருக்கிறது. விரிவாகச் சொல்ல இடமில்லை. 1983-ம் ஆண்டில் ஆபீசிலேயே குழந்தைகள் காப்பகம் திறந்தார்கள். முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் குழந்தைகளுக்கு இடம் வேண்டும் என்று நம் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது என்பதை இங்கே நினைவூட்டலாம். சொன்னதும் செய்ததும் வேறு வேறு. 1994-ம் ஆண்டில், பூச்சிமருந்து தெளித்து விளைந்த பஞ்சை அடியோடு நிறுத்துவது என்று முடிவு செய்து, 1996-க்குள் பருத்தி உடைகள் அனைத்தையும் இயற்கை முறையில் விளைந்த பஞ்சுக்கு மாற்றினார்கள். 2018 முதல் இந்தியாவின் சிறு விவசாயிகள் 150-க்கு மேற்பட்டவர்களோடு, மண்ணையும் பேணிப் பஞ்சு விளைவிக்கும் சோதனை முயற்சி ஒன்றும் தொடங்கியது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்போம். 2011-ம் ஆண்டு நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. தங்கள் மேல்சட்டையின் படத்தைப் போட்டு, இதை வாங்காதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். ஒரு சட்டைக்கு 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, சட்டையின் எடையைப்போல் 24 மடங்கு கரியமில வாயு வெளியாகிறது என்று புள்ளிவிவரமும் கொடுத்தார்கள். அதன்பின் விற்பனை கூடத்தான் செய்தது! வாங்காதே என்று சொல்வதே வாங்கவைக்கும் தந்திரம் என்று சிலர் சிரித்தார்கள். சிரிப்பில் நியாயம் உண்டு. பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி நூலாக்கிக் கம்பளி போன்ற சட்டை செய்வதை 1993-ல் தொடங்கி வைத்ததும் இவர்களே. அந்த வகைச் சட்டையை ஒருமுறை துவைத்தால் சராசரியாக 1.7 கிராம் நுண்ணிழை தண்ணீரோடு போகிறது என்று 2016-ம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கண்டது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும் இதே கம்பெனி. தன் சரக்கின் குற்றத்தைத் தானே காசு கொடுத்துக் கண்டுபிடித்தது மெச்சத்தக்கது. சரக்கு இன்னும் விற்கப்படுகிறது என்பதும் உண்மை.

ஆனால் நமக்கு, அதாவது பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்களுக்கு, உறைக்க வேண்டிய குறை வேறு. 2011-ம் ஆண்டில் கம்பெனியின் தணிக்கையாளர்கள் தைக்கும் ஆலைகளோடு நிற்காமல், துணி நெய்து கொடுக்கும் ஆலைகளையும் சோதிக்கப் புகுந்தார்கள். தைவான் நாட்டில் அவர்கள் கண்டது, நம்மில் பல குடும்பங்களுக்குப் பழக்கமான கதை. வேற்று நாடுகளிலிருந்து அந்த ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவர்கள், தரகர்களுக்கு 7,000 டாலர் வரைகூடக் கட்டி வந்திருந்தார்கள். அந்தக் கடனை அடைக்கும் வரை வேலையை விட்டுப் போக முடியாது. ஆற்றுக்கும் பாறைக்கும் கணக்கு வைத்த கம்பெனியின் துணியில், கடனில் கட்டுண்ட மனிதர்களின் உழைப்பு நெய்யப்பட்டிருந்தது.

வளைகுடா நாட்டு வேலைக்கு ஏஜெண்டிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! உள்நாட்டிலும் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் மேஸ்திரிகளை அறியாதவர் யார்? வெளிமாநிலத் தொழிலாளியை அழைத்துச் செல்லும் ஒப்பந்தக்காரர், பயணச் செலவையும் இடம்பெயர்வுப் படியையும் தாமே கொடுக்க வேண்டும் என்று 1979-லேயே நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கட்டிட வேலைக்கு வந்த எந்தத் தொழிலாளியையாவது கேட்டுப் பாருங்கள், அந்தப் படியைக் கண்ணால் கண்டதுண்டா என்று.

பட்டகோனியா அதன்பின் புதிய விதி போட்டது. 2015 ஜூன் முதல், தனக்குத் துணி கொடுக்கும் ஆலைகள் புதிதாக வரும் வெளிநாட்டுத் தொழிலாளியிடம் தரகுப் பணம் வாங்கக்கூடாது. ஏற்கெனவே சட்ட வரம்புக்கு மேல் கட்டியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும். கண்டதை மறைக்காமல் வெளியில் சொன்னது நேர்மையே. ஆனாலும் ஒரு கேள்வி எழுகிறது. பாறையின் காயத்தை 1970-ல் கண்ட கண்ணுக்கு, நெசவு ஆலைத் தொழிலாளியின் கடன் தெரிய 2011 வரை ஏன் ஆயிற்று? ஷுனார்ட் பாறையில் தாமே ஏறினார், அதனால் கண்டார். தைவான் ஆலையின் விடுதியில் எந்த முதலாளியும் படுத்து எழுந்ததில்லை. முதலாளியின் மனச்சாட்சியை நம்பி நடக்கும் நன்மைக்கு அவர் கண் எட்டும் தூரம்தான் எல்லை. தொழிற்சங்கமும் சட்டமும் தேவைப்படுவது அந்த எல்லைக்கு அப்பால் இருப்பவர்களுக்காக.

2022 செப்டம்பரில் ஷுனார்ட் குடும்பம் ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்புள்ள அந்தக் கம்பெனியையே கைமாற்றிக் கொடுத்துவிட்டது. வாக்குரிமை உள்ள 2 சதவிகிதப் பங்கு ஓர் அறக்கட்டளைக்கு. வாக்குரிமை இல்லாத மீதி 98 சதவிகிதம், சுற்றுச்சூழல் பணிக்கான ஓர் அமைப்புக்கு. ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டாலர் லாபம் அந்தப் பணிக்குப் போகும் என்றார்கள். விற்றிருந்தால் கட்டவேண்டிய பெரும் வரி இதனால் மிச்சம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அது உண்மைதான். வாரிசுகளுக்கு எழுதி வைக்காமல் கொடுத்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. நம் கண்ணில் படுவது வேறொன்று. முடிவெடுக்கும் அந்த 2 சதவிகிதத்தைக் குடும்பமும் அதன் ஆலோசகர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். அதில் தைக்கிறவருக்கோ நெய்கிறவருக்கோ ஒரு நாற்காலி இல்லை.

துணியையும் ஆற்றையும் சேர்த்துப் பேசிவிட்டு நொய்யலைப் பற்றிப் பேசாமல் விடமுடியாது. திருப்பூரின் சாயக்கழிவு அந்த ஆற்றை என்ன செய்தது என்பதை ஊருக்குப் போய்வரும் எல்லோரும் அறிவார்கள். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர் தேங்கும் தொட்டியாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. வேலை இழந்த தொழிலாளிகளின் துயரம் தனிக் கதை. அந்த வழக்கை நடத்தியவர்கள் ஆற்றுத் தண்ணீரை நம்பிய ஆயக்கட்டு விவசாயிகள். அந்தப் பனியன்களை வாங்கித் தன் பெயரை ஒட்டி உலகமெங்கும் விற்ற கடைகள் அந்த விவசாயிகளுக்கு ஒரு மேஜையும் தபால்பெட்டியும் கொடுத்திருந்தால், வழக்கு இத்தனை ஆண்டு இழுத்திருக்குமா?

இதெல்லாம் கோடீசுவரக் கம்பெனிகளின் கதை, நமக்கு என்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். 2002-ம் ஆண்டில், விற்பனையில் 1 சதவிகிதம் கொடுக்கும் வியாபாரிகளின் கூட்டமைப்பு ஒன்று தொடங்கியது. ஷுனார்டோடு சேர்ந்து அதைத் தொடங்கிய கிரெய்க் மாத்யூஸ், மொண்டானா மாநிலத்து மேற்கு யெல்லோஸ்டோன் என்ற சிற்றூரில் தூண்டில் சாமான் கடை வைத்திருந்தவர். மீன் இருந்தால்தான் தூண்டில் விற்கும். ஆறு இருந்தால்தான் மீன் இருக்கும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை.

நம்மவர்களிலும் கடை வைத்திருப்பவர்கள் ஏராளம். இட்லிக் கடை, பாத்திரக் கடை, துணிக்கடை, லாரி ஆபீஸ் என்று சங்கத்தின் ஆண்டு மலரில் ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் விளம்பரம் நிறைகிறது. அந்த மலருக்குக் கொடுக்கும் பணத்தோடு, தங்கள் கடைச் சாக்கடை போய் விழும் ஓடைக்காகவும் அந்த ஓடைக்கரைக் குடிசைகளை வெள்ளத்திலிருந்து காக்கப் போராடுகிறவர்களுக்காகவும் விற்பனையில் நூற்றுக்கு ஒன்று, முடியாவிட்டால் ஆயிரத்துக்கு ஒன்று, ஒதுக்க முடியுமா? கூடவே, ஊரிலிருந்து அழைத்து வந்து கடையில் வைத்திருக்கும் பையன்களிடம் ரயில் செலவைச் சம்பளத்தில் பிடிக்கிறோமா என்பதையும் கணக்கில் எழுதட்டும். வரும் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். சென்ற ஆண்டின் கணக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வருகிறவர்கள் முதலில் பேசட்டும்.